மயக்க மருந்தும் மழலையர் மூளையும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

     

இம்மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. சிலம்பையும் கம்பனையும் முறையாகக் கற்றோர் நம் சங்கத்தில் பலர் உளர். நாமோ பார்சல் அலுவலகத்தில் பேரேடு எழுதுவோம், பள்ளியிறுதித் தேர்வுக்கு மேல் படித்தோம் அல்லோம், மருத்துவரும் அல்லோம். ஆயினும் இன்று மருத்துவப் பொருள் ஒன்றைப் பேசத் துணிந்தோம். காரணத்தை முதலிற் கூறிவிடுகிறோம்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, நம் குடியிருப்பைச் சேர்ந்த இளந்தாய் ஒருவர் ஏழு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நம் வாசலில் வந்து நின்றார். குழந்தைக்கு அறுவைச் சிகிச்சை வேண்டும் என்று மருத்துவர் கூறிவிட்டார். "அண்ணா, இத்தனை சிறிய பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்தால் மூளை மழுங்கிவிடும் என்கிறார்களே, உண்மைதானா? உங்கள் வீட்டில் நடந்ததாமே, நீங்கள் சொல்லுங்கள்" என்று கேட்டார். அன்று வாசற்படியில் நின்று சுருக்கமாகக் கூறிய விடையையே இன்று இங்கே விரித்துக் கூற விழைகிறோம்.

நம் வீட்டில் நடந்தது யாது? 2016-ஆம் ஆண்டில் நமக்கு இரண்டாவது மகவு பிறந்தது, ஆண் குழந்தை. எட்டாம் மாதத்தில் அவனது தொடை மடிப்பின் மேலே ஒரு வீக்கம் தோன்றிற்று. அழும்போது நெல்லிக்காய் அளவு புடைக்கும், உறங்கும்போது மறைந்துவிடும். குடலிறக்கம் என்றார் மருத்துவர். "சிறிய அறுவைதான், ஒரு மணி நேரத்திற்குள் முடிந்துவிடும், தாமதம் வேண்டா" என்று கூறி நாளும் குறித்துக் கொடுத்தார்.

அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் செய்தித்தாளில் ஒரு தலைப்பைக் கண்டோம். குழந்தைகளுக்குக் கொடுக்கும் மயக்க மருந்து மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்று அமெரிக்க அரசின் மருந்து ஆணையமே எச்சரித்திருந்தது. நம் தாயார் அதைக் கேட்டதும், "பிள்ளைக்கு ஐந்து வயதாகட்டும் ஐயா, இப்போது என்ன அவசரம்?" என்றார். நாமும் அச்சத்தால் நாளைத் தள்ளினோம். தலைப்பைப் படித்தோமேயன்றி அதன் கீழே அச்சிட்டிருந்த வரிகளைப் படித்தோமில்லை. ஒரு வழிச்சீட்டில் எடை, எண், ஊர், கட்டணம் என்று ஒவ்வொரு கட்டத்தையும் விரல் வைத்துப் பார்க்கும் தொழிலுடைய நாம், பெற்ற பிள்ளையின் காரியத்தில் தலைப்போடு நின்றுவிட்டோம். அதன் விளைவைப் பின்னர்க் கூறுவோம். முதலில் பொருளுக்கு வருவோம்.

மயக்க மருந்து என்பது மனிதகுலத்திற்குக் கிடைத்த பெரும் பேறுகளுள் ஒன்று. 1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்னும் பல் மருத்துவர் ஈதர் என்னும் ஆவியை ஒரு நோயாளிக்கு முகரச் செய்தார். நோயாளி அறியாமலே அவர் கழுத்திலிருந்த கட்டி அகற்றப்பட்டது. அதுவரை அறுவை என்றால் நால்வர் பிடித்துக்கொள்ள, நோயாளி அலற, மருத்துவர் விரைந்து கத்தியை ஓட்டுவதுதான். அடுத்த ஆண்டே எடின்பரோ நகரத்துச் சிம்ப்சன் என்பார் குளோரோபாரத்தைப் பயன்படுத்தினார். ஆனால் பேற்றுடன் அச்சமும் உடன் பிறந்தது. 1848-ஆம் ஆண்டு சனவரி மாதம் இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்னும் பதினைந்து வயதுச் சிறுமி, கால் விரல் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோபாரம் முகர்ந்தவள், சில நிமிடங்களில் உயிர் துறந்தாள்.

அந்த அச்சத்தை ஆராய்ந்த இடம் எது தெரியுமா? நாம் வாழும் இந்த இரட்டை நகரமேதான். ஹைதராபாத்தில் நிசாமின் மருத்துவப் பள்ளிக்குத் தலைவராயிருந்த எட்வர்டு லாரி என்பார் 1888, 1889-ஆம் ஆண்டுகளில் நிசாமின் பொருளுதவியுடன் இரண்டு குளோரோபார ஆய்வுக் குழுக்களை நடத்தினார். இரண்டாம் குழுவிற்கு இலண்டனிலிருந்து லாடர் பிரண்டன் என்னும் அறிஞர் கப்பலேறி வந்தார். அம்மருத்துவப் பள்ளியில் பயின்ற ரூபா பாய் ஃபர்தூன்ஜி என்னும் பார்சி வகுப்புப் பெண்மணி, உலகில் மயக்க மருந்து கொடுக்கும் கலையைக் கற்ற முதற் பெண் மருத்துவர்களுள் ஒருவராக இன்று போற்றப்படுகிறார். அக்குழுவினர் நாய்களையும் குரங்குகளையும் நூற்றுக்கணக்கில் ஆராய்ந்து, 'குளோரோபாரத்தால் முதலில் நிற்பது மூச்சே, இதயமன்று. மூச்சைக் கவனித்தால் போதும்' என்று முடிவு கூறினர். மூச்சைக் கவனிக்க வேண்டும் என்ற பாடம் பொன்னான பாடம். ஆனால் இதயத்திற்கு ஆபத்தில்லை என்ற முடிவு நிலைக்கவில்லை. குளோரோபாரத்தால் இதயமும் திடீரென்று நிலைகுலையக்கூடும் என்பதை 1911-ஆம் ஆண்டில் லெவி என்பார் காட்டினார்.

இவ்வரலாற்றை ஏன் கூறினோம் என்றால், விலங்கிற் கண்டதை மனிதர்க்கு எவ்வளவு தூரம் பொருத்தலாம் என்னும் கேள்வி இந்த நகரத்திற்குப் பழைய கேள்வி. இன்று நாம் பேசும் பொருளிலும் அதே கேள்விதான் நடுவில் நிற்கிறது.

குழந்தைகளின் கதைக்கு வருவோம். பச்சிளங்குழந்தைகளுக்கு வலியே தெரியாது என்று மருத்துவ உலகில் நெடுங்காலம் பலர் எண்ணியிருந்தனர். மயக்க மருந்து ஆபத்து என்ற அச்சமும் சேர்ந்துகொள்ளவே, குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு, அசையாதிருக்கும் மருந்தோடு மிகச் சிறிதளவே மயக்கம் கொடுத்து அறுவை செய்த வழக்கமும் இருந்தது. இக்கொடுமையை மாற்றியவருள் முதன்மையானவர் ஓர் இந்தியர். இந்தூரில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்போர்டு சென்ற கன்வல்ஜீத் சிங் ஆனந்த் என்பாரும் அவருடன் உழைத்தோரும், போதிய வலிநீக்கி பெற்ற குழந்தைகளின் உடல் அதிர்ச்சி குறைவாயிருப்பதையும், அறுவைக்குப் பின் அக்குழந்தைகள் நலமாய்த் தேறுவதையும் 1987-ஆம் ஆண்டில் மெய்ப்பித்தனர். ஆகவே, 'மயக்க மருந்து வேண்டா; வலியைத் தாங்கிக்கொள்ளட்டும்' என்பது விடையாகாது. தாங்கவியலா வலியும் வளரும் மூளைக்குத் தீங்கே.

அப்படியாயின் ஐயம் எங்கே பிறந்தது? குழந்தையின் மூளையைச் சிறிது எண்ணிப் பாருங்கள். பிறக்கும்போது அதன் எடை வளர்ந்தோர் மூளையின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. இரண்டு வயது நிறையும்போது முக்கால் பங்கினை எட்டிவிடுகிறது. அவ்வளவு விரைவாக நரம்பணுக்கள் ஒன்றோடொன்று இணைகின்றன. பயன்படாத அணுக்கள் தாமே மடிந்து விலகுகின்றன. புதிய இருப்புப்பாதை போடும் காலத்தில் எத்தனையோ கிளைப்பாதைகளை இட்டுப் பார்த்து, வண்டி ஓடாதவற்றைப் பெயர்த்தெடுப்பது போன்றது அது.

நரம்பணுக்களிடையே செல்லும் செய்திகள் பல. அவற்றுள் இருவகை முதன்மையானவை. ஒன்று 'செல்க' என்னும் பச்சைக் கைகாட்டி. மற்றொன்று 'நில்' என்னும் சிவப்புக் கைகாட்டி. மயக்க மருந்துகளுட் சில பச்சையை மறைக்கின்றன. பல, சிவப்பினை வலுப்படுத்துகின்றன. அதனால் உணர்வு அடங்குகிறது. ஆனால் வளரும் மூளையில் இக்கைகாட்டிகளுக்கு மற்றொரு வேலையும் உண்டு. எந்த அணு வாழ வேண்டும், எது மடிய வேண்டும், எது எதனோடு இணைய வேண்டும் என்பதையும் அவையே நடத்துகின்றன. கைகாட்டியை நெடுநேரம் மறைத்தால் பாதை போடும் வேலை கெடாதா? இதுதான் ஐயத்தின் வேர்.

1999-ஆம் ஆண்டில், பிறந்து சில நாளேயான எலிக்குஞ்சுகளுக்குப் பச்சைக் கைகாட்டியை மறைக்கும் மருந்துகளைக் கொடுத்தபோது, இயல்புக்கு மிஞ்சிய எண்ணிக்கையில் நரம்பணுக்கள் மடிந்ததைக் கண்டனர். 2003-ஆம் ஆண்டில், பிறந்து ஏழு நாளான எலிக்குஞ்சுகளுக்கு, அறுவை அரங்கில் வழங்கும் மூன்று மருந்துகளைச் சேர்த்து ஆறு மணி நேரம் கொடுத்தனர். அவற்றின் மூளையில் அணுச்சாவு மிகுந்தது. வளர்ந்தபின் வழியறிந்து கற்கும் ஆற்றலும் குன்றியது. பின்னர்க் குரங்குக் குட்டிகளிலும் பார்த்தனர். பிறந்து ஐந்து நாளான குட்டிக்குக் கெட்டமைன் என்னும் மருந்தை 24 மணி நேரம் தொடர்ந்து செலுத்தியபோது அணுக்கள் மடிந்தன. மூன்று மணி நேரம் மட்டும் செலுத்தியபோது அவ்வாறு நேரவில்லை. முப்பத்தைந்து நாளான குட்டிக்கு 24 மணி நேரம் செலுத்தியும் அத்தீங்கு தென்படவில்லை. இதிலிருந்து இரண்டு செய்திகள் புலனாயின. ஒன்று, எவ்வளவு நேரம் என்பது. மற்றொன்று, எந்த வயதில் என்பது.

இனி மனிதக் குழந்தைகளைப் பார்க்க வேண்டும். இங்கேதான் பெரிய சிக்கல். ஒரே குழந்தையை மயக்க மருந்து கொடுத்து ஒரு முறையும், கொடாமல் ஒரு முறையும் வளர்த்துப் பார்க்க எவராலும் இயலாது. அறுவைக்கு ஆளான குழந்தைகளையும் ஆளாகாத குழந்தைகளையும் ஒப்பிடலாம் என்றால், மற்றொரு குழப்பம் வருகிறது. பணிமனைக்கு அடிக்கடி செல்லும் எஞ்சின் வழியில் அடிக்கடி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பணிமனைக்குப் போனதால் கெட்டதா? கெட்டிருந்ததால் பணிமனைக்குப் போயிற்றா? பலமுறை அறுவைக்கு ஆளாகும் குழந்தை பெரும்பாலும் பிறவியிலேயே நோயுற்ற குழந்தை. அதன் கல்வி பின்தங்கினால், குற்றம் நோயினதா, மருத்துவமனையில் கழிந்த நாட்களினதா, மயக்க மருந்தினதா? ஒரு வண்டி ஒரு நாள் தாமதமானதை வைத்துக்கொண்டு ஒன்றும் கூறவியலாது. ஆண்டு முழுவதற்குமான பேரேட்டைப் புரட்ட வேண்டும். அதுவும் ஒத்த வண்டியோடு ஒத்த வண்டியை ஒப்பிட வேண்டும்.

அறிஞர்கள் அவ்வாறே செய்தனர். அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையார், ஒரே மாவட்டத்தில் 1976 முதல் 1982 வரை பிறந்த 5357 குழந்தைகளின் பதிவேடுகளைப் புரட்டினர். அவர்களுள் 593 பேர் நான்கு வயதுக்கு முன் மயக்க மருந்து பெற்றவர். 2009-ஆம் ஆண்டில் வெளியான முடிவு இது: ஒரே முறை பெற்றவரிடம் கற்றல் குறை மிகுதியாய் இல்லை, இரண்டும் அதற்கு மேலும் பெற்றவரிடம் மிகுதியாய் இருந்தது. அதே ஆண்டில் நெதர்லாந்து நாட்டில், ஒரே கருவிலிருந்து பிறந்த 1143 இரட்டையர் இணைகளின் கணக்கு வெளியாயிற்று. இரட்டையருள் ஒருவர் மயக்க மருந்து பெற்று, மற்றவர் பெறாதவிடத்தும், இருவரின் கல்வியும் ஒத்தே இருந்தது. டென்மார்க் நாட்டில், ஒரு வயதுக்குள் குடலிறக்க அறுவைக்கு ஆளான 2689 பேரின் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்களை ஒப்பிட்டு 2011-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். குடும்பநிலை முதலிய பிற காரணங்களைக் கழித்துப் பார்க்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இவையெல்லாம் நடந்து முடிந்த கணக்குகள். குழந்தைகளை முன்கூட்டியே இரு பிரிவாகத் திருவுளச்சீட்டு முறையிற் பிரித்துப் பார்த்த ஆய்வு ஒன்றும் உண்டு. ஆஸ்திரேலியா, இத்தாலி, அமெரிக்கா, பிரிட்டன், கனடா, நெதர்லாந்து, நியூசிலாந்து ஆகிய ஏழு நாடுகளின் 28 மருத்துவமனைகளில் 722 கைக்குழந்தைகள் அதில் இடம்பெற்றனர். எல்லார்க்கும் குடலிறக்க அறுவையே. ஒரு பிரிவுக்குச் செவோபுளூரேன் என்னும் ஆவியால் முழு மயக்கம். மற்றப் பிரிவுக்குக் குழந்தை விழித்திருக்க, உடலின் கீழ்ப்பகுதி மட்டும் மரத்துப்போகும்படி முதுகில் ஊசி. முழு மயக்கத்தின் நடுத்தர அளவு 54 நிமிடம். இரண்டு வயதிற் சோதித்த முடிவு 2016-ஆம் ஆண்டின் தொடக்கத்திலும், ஐந்து வயதிற் சோதித்த முடிவு 2019-ஆம் ஆண்டிலும் வெளியாயின. ஐந்து வயதில் நுண்ணறிவு எண் சராசரியாக முதற் பிரிவில் 98.97, மற்றப் பிரிவில் 99.08. இரண்டும் ஒன்றே என்று கொள்ளலாம் அல்லவா?

அமெரிக்காவில் மூன்று வயதுக்கு முன் குடலிறக்க அறுவைக்கு ஆளான குழந்தையை, அவ்வயதிற்குள் மயக்க மருந்தே பெறாத உடன்பிறந்தாரோடு ஒப்பிட்ட ஆய்வும் 2016-ஆம் ஆண்டில் வந்தது. 105 இணைகள், இரு சாராரின் நுண்ணறிவு எண்ணும் சராசரி 111. மேயோ மருத்துவமனையார் மறுபடியும் 997 பேரை நேரில் அழைத்துச் சோதித்த முடிவு 2018-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மூன்று வயதுக்குள் மயக்க மருந்தே பெறாதவர், ஒரு முறை பெற்றவர், பலமுறை பெற்றவர் ஆகியோரின் நுண்ணறிவு எண் சற்றே வேறுபட்டது. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடிய அளவினதே. ஆனால் பலமுறை பெற்றவரிடம் விரைந்து செயலாற்றும் திறனும் விரல்களின் நுண்மைத் திறனும் சற்றே குறைந்திருந்தன.

ஒன்றை மறைக்காமற் கூற வேண்டும். இறுதியிற் கூறிய மூன்று ஆய்வுகளின் கணக்குகளையும் ஒருங்கே திரட்டி 2021-ஆம் ஆண்டில் பார்த்தனர். ஒரே முறை மயக்க மருந்து பெற்ற குழந்தைகளின் நுண்ணறிவில் வேறுபாடில்லை என்பது உறுதிப்பட்டது. ஆயினும் அக்குழந்தைகளின் நடத்தையில் சில குறைகள் உண்டு என்று அவர்தம் பெற்றோர் எழுதிக் கொடுத்தது சற்று மிகுதியாய் இருந்தது. அறுவைக்கு ஆளான பிள்ளையைப் பெற்றோர் கூர்ந்து நோக்குவதால் அவ்வாறு எழுதினரா, மருந்தின் விளைவா என்பது அறிஞர் இன்னும் ஆராயும் பொருள். ஆகவே ஐயம் முற்றும் தீர்ந்தது என்று மார்தட்டுவதும் முறையன்று. மூளை மழுங்கிவிடும் என்று அஞ்சி ஓடுவதும் முறையன்று.

இனி, நம்மை அச்சுறுத்திய அந்த எச்சரிக்கையை முழுவதும் படிப்போம். 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் அமெரிக்க உணவு மருந்து ஆணையம் கூறியது இது: மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், கருவுற்ற கடைசி மூன்று மாதத்துப் பெண்களுக்கும், மூன்று மணிக்கு மேற்பட்ட நேரமோ, பலமுறையோ மயக்க மருந்து கொடுத்தால், குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படக்கூடும். அதே அறிக்கையில் மற்றொன்றும் இருந்தது: ஒரே முறை, குறுகிய நேரம் கொடுப்பது குழந்தையின் கல்வியையோ நடத்தையையோ கெடுக்கும் என்று தோன்றவில்லை என்பது. நம் மகனுக்கு வேண்டியிருந்தது ஒரே முறை. ஒரு மணி நேரம். நமக்குரிய வரி அந்தத் தாளிலேயே இருந்தது. நாம்தான் படித்தோமில்லை.

இப்பொழுது விட்ட கதையைத் தொடர்கிறோம். நாளைத் தள்ளி நான்கு மாதம் ஆயிற்று. ஒரு நள்ளிரவில் குழந்தை வீரிட்டு அழுதான். வீக்கம் கல்லைப்போல் இறுகி நிறம் மாறியிருந்தது. உறங்கினால் மறையும் வீக்கம் மறையவில்லை. பச்சையாக வாந்தி எடுத்தான். அடுத்த வீட்டுத் தெலுங்கு அன்பர் தம் வண்டியை எடுத்தார். மருத்துவமனையிற் பார்த்த அறுவை மருத்துவர், குடலின் ஒரு மடிப்பு வெளியே வந்து சிக்கிக்கொண்டது என்றும், இரத்தவோட்டம் தடைப்படுகிறது என்றும் கூறினார். கையால் உள்ளே தள்ளிப் பார்த்தார், செல்லவில்லை.

மயக்க மருத்துவர் வந்தார். அவர் கேட்ட முதற் கேள்வி, "கடைசியாக எப்போது பால் குடித்தான்?" என்பது. நமக்குத் தெரியவில்லை. "பத்தேகாலுக்கு ஐயா" என்று நம் இல்லாள் அழுதுகொண்டே கூறினாள். வயிற்றிற் பால் இருக்க மயக்கம் கொடுத்தால், அது மேலேறி மூச்சுக்குழலிற் புகும் ஆபத்து உண்டு. குறித்த நாளில் சென்றிருந்தால் வெறும் வயிற்றோடு, பகலில், அமைதியாக முடிந்திருக்க வேண்டிய காரியம். இப்போது காத்திருக்கவும் நேரமில்லை. உரிய காப்புகளோடு உடனே தொடங்கினர். ஒரு மணி நேரம் என்றது இரண்டு மணிக்கு மேலாயிற்று. பின்னர் வெளியே வந்த அறுவை மருத்துவர் கூறினார்: "குடல் கருத்திருந்தது. வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியைச் சுற்றிக் காத்திருந்தோம். மெல்லச் சிவந்துவிட்டது. வெட்டியெடுக்க வேண்டி வரவில்லை. இன்னும் சில மணி தாமதித்திருந்தால் வேறு கதை." மயக்க மருந்துக்கு அஞ்சிய நாம், மிகுதியான மயக்கத்தையும் மிகுதியான ஆபத்தையும் நம் கையாலேயே வாங்கிக் கொடுத்தோம்.

பெரியோர்களே, தாமதத்தால் மூளைக்கே கேடு வருவதும் உண்டு. பிறவியிலேயே கண்ணிற் புரை கொண்ட குழந்தைக்கு முதல் ஆறு எட்டு வாரங்களுக்குள் புரையை அகற்றுவதே சிறந்தது. காலம் கடந்தால் கண்ணைத் திறந்துவிட்டாலும் பார்வை சரிவர வாராது. ஏனெனில் காணக் கற்க வேண்டிய மூளைப்பகுதி கல்லாமலே முதிர்ந்துவிடும். இவ்வுண்மையைப் பூனைக்குட்டிகளிற் கண்டறிந்த ஹியூபல், வீசல் என்னும் இருவர்க்கு 1981-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. பிளவுற்ற அண்ணத்தைப் பேச்சு நன்கு தோன்றுமுன், ஏறத்தாழ ஒரு வயதளவில் மூடுகின்றனர்; இல்லையேல் பேச்சு குழறும். எனவே வயது வரட்டும் என்பது எல்லா நோய்க்கும் பொருந்தும் அறிவுரை அன்று.

அப்படியாயின் பெற்றோர் செய்யத்தக்கது யாது? மருத்துவரிடம் பணிவோடும் அச்சமின்றியும் சில கேள்விகளைக் கேட்கலாம். இந்த அறுவை இப்போதே வேண்டுமா? தள்ளினால் கேடு வருமா, வாராதா? எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு சிறு அறுவைகள் தேவையாயின் ஒரே மயக்கத்தில் இரண்டையும் முடிக்கலாமா? மயக்க மருந்து கொடுப்பவர் குழந்தைகளிடம் பழகியவரா? அறுவை உயிர்க்கோ வளர்ச்சிக்கோ தேவையற்றதாயின், மூன்று வயது கடக்கும்வரை பொறுக்கலாமா என்றும் கேட்கலாம். தேவையானதாயின் பொறுக்கலாகாது.

இனி நாம் மறைக்கலாகாதவை. குழந்தைக்குச் சளியோ காய்ச்சலோ இருந்தால் மயக்கத்தின்போது மூச்சுத் தடைப்படக்கூடும். முன்னரே கூறிவிட வேண்டும். முன்பு மயக்க மருந்தால் குடும்பத்தில் எவர்க்கேனும் தீங்கு நேர்ந்திருந்தால் அதையும், ஆடும் பல் இருந்தால் அதையும் கூற வேண்டும். பொதுவாகச் சோறு முதலியனவும் புட்டிப்பாலும் ஆறு மணி நேரத்திற்கு முன்பும், தாய்ப்பால் நான்கு மணி நேரத்திற்கு முன்பும் நிறுத்த வேண்டும். தெளிந்த நீரை ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரத்திற்கு முன்புவரை கொடுக்கலாம். உங்கள் மருத்துவர் கூறும் கணக்கே முடிவான கணக்கு. 'பாவம், பசிக்குமே' என்று பாட்டிமார் மறைவாக ஒரு வாய் ஊட்டுவது அன்பாயினும் ஆபத்தாய் முடியும்.

இன்றைய மயக்க மருத்துவர் குழந்தையின் மூச்சையும், இதயத் துடிப்பையும், இரத்தத்திலுள்ள பிராணவாயுவையும், உடற்சூட்டையும் நொடிதோறும் நோக்கியவண்ணம் அருகிலேயே இருக்கிறார். மூச்சைக் கவனி என்று இந்நகரிற் பிறந்த பாடத்தோடு, இதயத்தையும் கவனி என்னும் பாடமும் இன்று அவர் மேசையிற் சேர்ந்திருக்கிறது.

நம் மகன் இப்போது ஐந்தாம் வகுப்பிற் படிக்கிறான். ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறுகிறான். அவன் தடுமாறும்போதெல்லாம் நம் இல்லாள் நம்மை நோக்குவாள். நாம் தரையை நோக்குவோம். பின்னர் ஒரு நாள், மயக்க மருந்தே அறியாத நம் மூத்த மகளும் அதே ஏழாம் வாய்ப்பாட்டில் அதே வயதில் தடுமாறியதை அவளே நினைவுபடுத்தினாள். அன்று நெடுநாளைக்குப் பின் இருவரும் சிரித்தோம். ஆயினும் ஒன்று உண்மை. ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு, இது மருந்தால் வந்தது, இது வாராதது என்று எவராலும் பிரித்துக் கூறவியலாது. ஆயிரக்கணக்கான குழந்தைகளின் கணக்கு நமக்கு ஆறுதல் கூறுகிறது. அந்த ஆறுதலைப் பற்றிக்கொண்டு, பிள்ளையோடு அமர்ந்து வாய்ப்பாட்டைச் சொல்லிக் கொடுப்பதே நம் கடமை.

அன்று வாசலில் வந்து நின்ற இளந்தாய்க்கு நாம் கூறியது இவ்வளவே: "தங்கச்சி, அச்சம் இருந்தால் அந்த அச்சத்தை மருத்துவரிடமே கொண்டுபோய்க் கேளுங்கள். ஆனால் அச்சத்திற்காக நாளைத் தள்ளாதீர்கள். நாங்கள் தள்ளினோம்." அக்குழந்தைக்குக் குறித்த நாளில் அறுவை முடிந்தது. இதோ, முன்வரிசையில் தாயின் மடியில் அமர்ந்து, நாம் பேசுவதைப் பொருட்படுத்தாமல் நிகழ்ச்சித் தாளைக் கிழித்துக்கொண்டிருக்கிறான்!

சொந்த ஊரில் இருந்தால் அறிவுரை கூற ஆயிரம் உறவினர் உண்டு. இங்கே நமக்கு நாமே உறவு. ஒருவர் வீட்டுப் பிழை மற்றொருவர் வீட்டுக்குப் பாடமாகட்டும் என்றே இதைப் பேசினோம். கூறியவற்றிற் குற்றம் இருப்பின் பொறுத்தருளுங்கள்.